வாயிலே தமிழ், திரையிலே ஆங்கிலம்!

ஓர் இனத்தின் கையில் கருவி இல்லாதிருப்பது வறுமை. கருவி கையில் இருந்தும் அதனைத் தன் மொழியில் இயக்க மறுப்பது அடிமைத்தனம். வறுமையை உழைப்பால் நீக்கிக்கொள்ளலாம். அடிமைத்தனத்தையோ, அஃது அடிமைத்தனமே என்று உணர்ந்தாலன்றி நீக்கிக்கொள்ள இயலாது. தாம்பரம் தொடங்கித் தெற்கே வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வரையிலும், கிழக்கே சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை வரையிலும் வரிசையாக எழுந்து நிற்கும் கல்லூரிகளின் மேலாண்மைத் துறைகளில் இன்று நடந்துகொண்டிருப்பது இந்த இரண்டாம் வகைக் கேடே ஆகும்.

கரும்பலகை இருந்த இடத்தில் இன்று வெண்திரை தொங்குகின்றது. ஆசிரியர் கையால் எழுதிய பாடம் இன்று கணினியினின்று ஒளியாய் விழுகின்றது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் வகுப்பறை முழுமையும் கைப்பேசிக்குள் குடிபுகுந்தது. நோய் தணிந்த பின்னும், பதிவு செய்த பாட உரைகளும் இணையவழித் தேர்வுகளும் நிலைத்துவிட்டன. மாணவர் விரிதாளில் கணக்கிடுகின்றனர். கணினிக்குள் கற்பனைத் தொழிலகங்களை நடத்திப் பழகுகின்றனர். நொடிப்பொழுதில் உலகத் தரவுகளைத் திரட்டுகின்றனர். இவை யாவும் நல்லனவே. யாம் கருவிக்குப் பகைவர் அல்லேம். கருவியைக் கண்டு அஞ்சுவோர் கடைசியில் அக்கருவிக்கு இரையாவர் என்பதை அறியாதோமும் அல்லேம். எம் வினா ஒன்றே ஒன்று: அத்திரையில் தமிழ் எங்கே?

கணினிக்கூடத்தில் கண்டது

அண்மையில் இப்பகுதிக் கல்லூரி ஒன்றின் கணினிக்கூடத்தில் யாம் கண்டதை இங்கே உள்ளது உள்ளவாறு கூறுகின்றோம்.

அன்றைய பாடம் சரக்கிருப்பு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மேலாண்மைப் பள்ளியில் 1960களில் உருவாகி, இன்று உலகெங்கும் மேலாண்மை மாணவர்க்குப் பயிற்றப்பெறும் விளையாட்டு ஒன்றைக் கணினியில் ஆடினர். சில்லறை வணிகர், மொத்த வணிகர், பகிர்வாளர், தொழிலகத்தார் என நால்வர். ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவரிடம் சரக்குக் கேட்பர். கேட்ட சரக்கு உடனே வாராது. சில கிழமைகள் கழித்தே வரும். கடைக்கு வரும் மக்களின் தேவை ஒரே ஒருமுறை சிறிது கூடினால் போதும். அச்சிறு கூடுதல் மேலே செல்லச் செல்லப் பெருகித் தொழிலகத்தை அடையும்போது பேரலையாகிவிடும். முதலில் எல்லார்க்கும் தட்டுப்பாடு. பின்னர் எல்லார் கிடங்கிலும் தேங்கிய சரக்கு. சாட்டையின் கைப்பிடி சிறிதே அசைய, அதன் நுனி துள்ளிப் பாய்வதைப் போன்றது இது. எனவே இதனைச் சாட்டை விளைவு எனலாம்.

ஆட்டம் முடிந்தது. ஏன் இவ்வாறு ஆயிற்று என்று மாணவர் திகைத்தனர். மதுராந்தகத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து பயிலும் இளைஞர் ஒருவர், மளிகைக் கடைக்காரர் மகன், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியே கற்றவர், பக்கத்திலிருந்த நண்பரிடம் இவ்வாறு சொன்னார்: "நேத்து கேட்ட சரக்கு இன்னும் வழியில இருக்குடா. அது வரலைன்னு பயந்து இன்னைக்கு மறுபடியும் கேட்டுட்டோம். ரெண்டும் சேர்ந்து வந்து குவிஞ்சிடுச்சு. கடையில கூட்டம் கூடல. நம்ம பயந்தான் கூடிடுச்சு."

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! அப்பாடத்தின் முழு உயிரும் அந்த ஐந்து தொடர்களுக்குள் அடங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிஞர் எழுதும் உண்மையை, தந்தையின் கடையில் மூட்டை எண்ணிப் பழகிய அறிவுகொண்டு, தாய்மொழியில் ஒரு மணித்துளியில் அவர் பிழிந்து தந்துவிட்டார்.

அடுத்து நடந்தது என்ன? திரையில் ஒரு கட்டம் தோன்றியது. ஆட்டத்தின் முடிவுக்கான கரணியத்தை ஆங்கிலத்தில் எழுதுமாறு அது கேட்டது. அவ்விளைஞர் இரண்டு சொற்களைத் தட்டினார், அழித்தார், மீண்டும் தட்டினார், மீண்டும் அழித்தார். நேரம் முடிந்தது, கட்டம் மூடிக்கொண்டது. அவ்வினாவுக்கு அவர் பெற்ற மதிப்பெண் சுழி. பக்கத்திலிருந்த நண்பரோ, அவரிடம் தமிழில் கேட்டறிந்ததையே ஆங்கிலத்தில் எழுதி முழு மதிப்பெண் பெற்றார்.

வகுப்பு முடிந்தபின் ஆசிரியரிடம் இதனைக் கூறினோம். அவர் வருந்தியே விடையிறுத்தார்: "ஐயா, அவனுக்குப் புரிஞ்சதுன்னு எனக்கும் தெரியும். நானே பாதிப் பாடத்தைத் தமிழில்தான் சொல்றேன். ஆனா மதிப்பெண் போடுறது கணினிங்க."

நடப்பது ஒன்று, பதிவது வேறொன்று

அவ்வாசிரியரின் கூற்றில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுமையும் உள்ளது. தமிழில் மேலாண்மை கற்பிக்க இயலாது என்று மேடைதோறும் முழங்குவோர், தம் கல்லூரி வகுப்பறைக்குள் ஒருநாள் அமர்ந்து பார்க்கட்டும். அங்கே அது நாள்தோறும் தமிழில்தான் கற்பிக்கப்படுகின்றது! ஆசிரியர் ஒரு தொடரை ஆங்கிலத்தில் படிக்கின்றார், மாணவர் முகம் வாடுகின்றது, உடனே தமிழில் விளக்குகின்றார், முகம் மலர்கின்றது. அறிவு கைமாறும் அந்த நொடி தமிழுக்கு உரியது. ஆனால் திரையில் ஒளிர்வதும், பதிவாவதும், சேமிக்கப்படுவதும், தேர்வில் கேட்கப்படுவதும், சான்றிதழில் அச்சாவதும் ஆங்கிலம். உழைப்பது தமிழ், ஊதியம் பெறுவது ஆங்கிலம்!

முன்பு கரும்பலகைக் காலத்தில், தமிழில் சொன்ன விளக்கமும் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பும் மாலைக்குள் ஒருசேர அழிந்துபோயின. இன்றோ நிலைமை வேறு. கணினி மறவாது. ஆங்கிலக் குறிப்பு, ஆங்கில உரை, ஆங்கில வினா ஆகியவற்றை அது ஆண்டுக்கணக்கில் காத்து வைக்கின்றது. அடுத்த ஆண்டு மாணவர்க்கும் அதற்கடுத்த ஆண்டு மாணவர்க்கும் எடுத்து வழங்குகின்றது. ஆசிரியரின் தமிழ் விளக்கமோ காற்றோடு போகின்றது. ஆகவே, தகவல் தொழில்நுட்பம் வகுப்பறைக்குள் வந்ததால் தமிழ் வளரவில்லை. இருந்த தமிழும் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. இன்னும் பத்தாண்டு கழித்து ஒருவர் ஆராய்ந்து பார்ப்பாராயின், தாம்பரத்து வகுப்பறைகளில் தமிழ் ஒலித்ததற்கு ஒரு சான்றும் கிடையாது. இஃது எத்துணைப் பெரிய பொய்! அப்பொய்யை நம் கையாலேயே நாம் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

இம்மண்ணுக்கு இது தகுமா?

இக்கேடு வேறெங்கு நடந்தாலும் வருந்தத்தக்கதே. ஆனால் இப்பகுதியில் நடப்பது இரட்டைக் கேடு. 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்ட மறைமலையடிகள், 1911 முதல் 1950இல் மறையும்வரை வாழ்ந்த ஊர், தாம்பரத்தை அடுத்த பல்லாவரம். அதற்குமுன் 1898 முதல் பதின்மூன்று ஆண்டுகள் அவர் தமிழாசிரியராய் இருந்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். அன்று சென்னை நகருக்குள் இருந்த அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாது போனபோது, அடிகளார் கல்லூரிப் பணியை விட்டு வெளியேறினார். பல்லாவரத்தில் தமக்கென ஓர் அறிவுக்களத்தை அமைத்துக்கொண்டார். பாவலரேறு பெருஞ்சித்திரனாரின் தமிழ்க்களம் மேடவாக்கத்தில் நிற்கின்றது. தெற்கே தொழிலகங்கள் நிறைந்த ஒரு நகரே அடிகளார் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மறைமலை நகர் என்று ஊருக்குப் பெயர் வைத்தாயிற்று. அந்நகரின் தொழிலகங்களை நடத்தப் பயிலும் பிள்ளைக்கு மட்டும் மறைமலையார் மொழியில் ஒரு பாடமும் திரையில் இல்லை! பெயர்ப்பலகையில் தமிழ், பாடத்தில் ஆங்கிலம் என்றால், நாம் தமிழை வாழவைக்கின்றோமா, அல்லது அதற்குக் கல்லறை எழுப்பிப் பெயர் பொறிக்கின்றோமா?

விரிதாள் பிறந்த இடம்

கணினியும் மேலாண்மையும் ஆங்கிலத்துக்கே உரியவை என்று நம்மவர் நம்புகின்றனரே, அந்நம்பிக்கையின் வேரைச் சற்றுத் தோண்டிப் பார்ப்போம்.

இன்று உலகின் எந்த அலுவலகத்திலும் விரிதாள் இன்றி வேலை நடவாது. அது பிறந்த இடம் எது? ஒரு மேலாண்மை வகுப்பறை! 1978ஆம் ஆண்டில் ஆர்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராய் இருந்தவர் தான் பிரிக்ளின். கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கணக்கில் ஓர் எண் மாறினால், அதனைச் சார்ந்த எண்களை எல்லாம் அழித்து அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்ததை அவர் கண்டார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் ஒரு பலகை இருந்தால் என்ன என்று எண்ணினார். பாபு பிராங்குத்தன் என்னும் நண்பரோடு இணைந்து 1979இல் தனியாள் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க்கை வெளியிட்டார். அதன் வழிவந்தவையே இன்றைய எக்செல் முதலானவை.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் யாது? அம்மாணவர் வகுப்பறையில் மொழியோடு மல்லுக்கட்டவில்லை. ஆசிரியர் சொன்னது அவருடைய தாய்மொழி. ஆகலின் அவர் அறிவு முழுமையும் பொருளின்மேல் சென்றது. குறை கண்டார், கருவி படைத்தார். நம் பிள்ளையோ அதே விரிதாளின் முன் அமர்ந்து, தன் அறிவில் பாதியைச் சொல்லின் பொருள் தேடுவதிலேயே செலவழிக்கின்றான். புதிது படைக்கும் அறிவு அவனுக்கு எங்கிருந்து மிஞ்சும்?

சப்பானியரைப் பாருங்கள். கைசன் என்றும், கான்பான் என்றும் நம் மேலாண்மை நூல்கள் பக்கம் பக்கமாய் எழுதுகின்றன. அவை ஆங்கிலச் சொற்கள் அல்ல, சப்பானியச் சொற்கள். தொயோத்தா தொழிலகத்தின் ஆக்கமுறையை வகுத்த தாய்ச்சி ஓனோ, அம்முறையைப் பற்றிய தம் நூலைச் சப்பானிய மொழியில் 1978இல் வெளியிட்டார். ஆங்கிலப் பெயர்ப்பு 1988இல்தான் வந்தது. தம் மொழியில் எண்ணினர். தம் மொழியில் தொழிலகம் நடத்தினர். உலகம் அவர்தம் சொல்லையே கடன் வாங்கிற்று. சப்பானியச் சொல்லை ஆங்கில நூலின் வழியே தமிழ் மாணவன் மனப்பாடம் செய்கின்றான். தமிழில் மேலாண்மைக்குச் சொல் ஏது என்று நம்மையே வினவுகின்றான்!

சொல் இல்லையா?

சொல் இல்லை என்பார்க்கு விடை கூறுவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பருமாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வணிகம் நடத்தியபோது கணக்கை எழுதியது தமிழில். பேரேடு, பற்றுவரவு, ஐந்தொகை என்னும் சொற்கள் கடல் கடந்து ஆண்ட சொற்கள். வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஆறு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். திட்டமிடல் முதல் ஆளைத் தேர்ந்து வேலையை ஒப்படைத்தல் வரை மேலாண்மையின் தலைப்புகள் அங்கே வரிசையாய் உள்ளன. பழம்பெருமை பேசி நிறைவடைவதற்காக யாம் இதைக் கூறவில்லை. எடுத்தாளக் கூடிய சொற்கள் இருக்கின்றன என்பதற்காகவே கூறுகின்றோம்.

பழஞ்சொல் வேண்டாமாயின், புதுச்சொல்லுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. தமிழக அரசின் மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் நூலைத் திறந்து பாருங்கள்! பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், நற்பெயர், இருப்புநிலைக் குறிப்பு என எல்லாம் அங்கே தமிழில் உள்ளன. ஆண்டுதோறும் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் அவற்றைக் கற்றுத் தேர்வெழுதி வெளிவருகின்றனர். அப்பிள்ளையே முதுநிலை மேலாண்மை வகுப்புக்கு வந்தவுடன், தான் ஏற்கெனவே அறிந்த அதே பொருளை ஆங்கிலப் பெயரோடு மீண்டும் முதலிலிருந்து கற்குமாறு பணிக்கப்படுகின்றான். அறிந்தவனை அறியாதவனாக்குவதற்கு உயர்கல்வி என்று பெயர்!

இன்னொரு சான்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் பயிற்றிய அமெரிக்கரான சாமுவேல் கிரீன், தமிழ் கற்றார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழ்வழியே மருத்துவரை உருவாக்கினார். மின்விளக்கும் இல்லாத காலத்தில், ஓர் அயலவர், உடலை அறுத்து ஆராயும் அறிவியலையே தமிழில் கற்பித்தார். இற்றைக்கு நூற்றெழுபது ஆண்டுகள் கடந்து, கைக்குள் கணினி வைத்திருக்கும் தமிழர், கடைக் கணக்கையும் ஆள்மேலாண்மையையும் தமிழில் சொல்லித்தர இயலாது என்கின்றனர். இயலாமை எங்கே உள்ளது? மொழியிலா? மனத்திலா?

கருவி மறுக்கவில்லை

கணினி தமிழை ஏற்காது என்பது வழக்கொழிந்த பொய். 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பின் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாய்க் கோட்டூர்புரத்தில் இயங்குகின்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. லிப்ரே ஆபிசு போன்ற கட்டற்ற அலுவலக மென்பொருள்கள் தமிழ் முகப்போடு விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் விரிதாளில் தலைப்பும் குறிப்பும் தமிழில் இடலாம். கல்லூரிகள் பாடங்களை ஏற்றி வைக்கும் மூடில் என்னும் மென்பொருளுக்கும் தமிழ் முகப்பு உண்டு. தென்சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று, ஆங்கிலத்துக்கும் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளுக்கும் இடையே பெயர்க்கும் மென்பொருளை 2023இல் எல்லாரும் எடுத்தாளுமாறு திறந்துவிட்டது. தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் செயலிகள் ஒவ்வொரு கைப்பேசியிலும் உள்ளன. அன்று அக்கணினிக்கூடத்தில் அவ்விளைஞர் தமிழில் பேசியே விடையளித்திருக்கலாம். கருவி அதற்கு அணியமாய் இருந்தது. அணியமாய் இல்லாதவர் நாமே!

2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். வழியே இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் பாட உரைகளை இணையத்தில் வழங்குகின்றன. மேலாண்மையும் அதில் உண்டு. 2017இல் இந்திய அரசு சுவயம் என்னும் இணையக் கல்வித் தளத்தைத் தொடங்கிற்று. 2021இல் பல்கலைக்கழக நல்கைக் குழு, ஒரு பருவத்துப் பாடங்களுள் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு வரை அத்தளத்தின் வழியே கற்கலாம் என விதி வகுத்தது. சில பாடங்களின் உரைவடிவு தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது; நன்று. ஆனால் ஆங்கிலத்தில் பேசிய உரைக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடுவது தமிழ்வழிக் கல்வி ஆகாது. பிறர் விருந்தில் நமக்குப் போடப்பட்ட பின்வரிசை இலை அது. 2023 ஏப்பிரலில் அதே நல்கைக் குழு, ஆங்கிலவழிப் படிப்பாயினும் மாணவர் தம் மொழியில் தேர்வெழுத இடந்தருமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. கற்பதும் பழகுவதும் திரையில் ஆங்கிலமாகவே இருக்க, விடையை மட்டும் தமிழில் எழுதலாம் என்பது, நீச்சலைக் கற்றுத் தராமல் ஆற்றில் இறங்க இசைவளிப்பது போன்றதே.

வேலை கிடைக்குமா என்பார்க்கு

"தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பதே கடைசி அம்பு. இவ்வினாவை யாம் எள்ளி ஒதுக்கவில்லை. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தையின் வினா அது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதன் பின், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் எழுந்த கண்ணாடி மாளிகைகள் ஆங்கிலம் கேட்கின்றன என்பது உண்மையே. ஆங்கிலத்தை மொழியாகக் கற்பியுங்கள், நன்றாகவே கற்பியுங்கள். அதனை யாம் தடுக்கவில்லை. ஆங்கிலத்தை அறிவின் வாயிற்காவலனாக நிறுத்தாதீர்கள் என்றே கூறுகின்றோம்.

மேலும், மேலாளர் என்பவர் யாரை ஆளப் போகின்றார்? 1984இல் தாம்பரம் சானட்டோரியத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. தோல் தொழிலகத்தால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. அதனை அடுத்த நாகல்கேணியும் பம்மலும் தோல் பதனிடும் ஊர்கள். அங்கெல்லாம் தையற்பொறியின் முன்னும் தோல் தொட்டியின் முன்னும் நிற்கும் தமிழ்த் தொழிலாளியிடம் மேலாளர் ஆங்கிலத்திலா பேசுவார்? ஊதியச் சிக்கலை, ஓய்வுநேரப் பூசலை, பொறி பழுதான செய்தியை, கருவுற்ற பெண்ணின் விடுப்பு வேண்டுகோளை எம்மொழியில் கேட்பார்? மேலாண்மை என்பது பொருளை ஆள்வது மட்டுமன்று. மக்களின் மனத்தை அறிவதும் ஆகும். மக்கள் மொழியில் கல்லாதவர் கணக்கை ஆளலாம். மக்களை ஆள இயலாது.

தமிழ்வழியை மாணவரே விரும்பவில்லை என்பாரும் உளர். அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மேத் திங்களில் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தவுடன் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. சேர்வோர் குறைவு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாதவன், பயிர் வளர விரும்பவில்லை என்று நிலத்தின்மேல் பழி போடலாமா? ஆங்கிலவழி மாணவர்க்குத் திரைமுழுதும் பாட உரை, ஆயிரக்கணக்கில் விளக்கப்படம், கையளவில் வினாவங்கி. தமிழ்வழி மாணவர்க்கு அவற்றில் எத்தனை உண்டு? அதை முதலில் எண்ணிச் சொல்லுங்கள். பின்னர் மாணவர் விருப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.

செயற்கை அறிவு கேட்கும் கணக்கு

இனிவரும் கேடு இதனினும் பெரிது. வினவினால் விடைதரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மாணவர் கைக்கு வந்துவிட்டன. அவை தாமே அறிந்தவை அல்ல. இணையத்தில் மாந்தர் எழுதி வைத்ததைத் தின்று வளர்ந்தவை. எம்மொழியில் எழுத்து மிகுதியோ அம்மொழியில் அவற்றுக்கு அறிவு மிகுதி. மேலாண்மை பற்றித் தமிழில் நாம் எழுதாமலும் பதியாமலும் விட்டால், தமிழில் கேட்பவனுக்கு அச்செயலி நொண்டித் தமிழில் அரைகுறை விடையே தரும். அதைக் கண்டு, "பார்த்தீர்களா, கணினிக்கே தமிழ் வரவில்லை" என்பர். நேற்று நாம் செய்த புறக்கணிப்பு, நாளை கருவியின் இயல்பாகக் காட்டப்படும். ஆசிரியர் நாள்தோறும் தமிழில் கூறும் விளக்கங்கள் பதியப்படாமல் காற்றில் கரைவது எத்துணைப் பேரிழப்பு என்பது இப்போது விளங்கும். அது வெறும் ஒலியன்று. வருங்காலக் கருவியின் விதைநெல்!

நம்மை நோக்கி ஒரு சொல்

பிறரைச் சாடி முடிப்பது எளிது. நம் இயக்கத்தாரையும் கேட்போம். மேடையில் தனித்தமிழ் முழங்கிவிட்டு, கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழைத் தட்டுவோர் நம்முள் எத்தனை பேர்? கணினி அறிந்த நம் தோழர், தம் துறையறிவில் ஒரு பக்கமேனும் தமிழில் இணையத்தில் எழுதியது உண்டா? சொல் பிழைத்தால் சீறுகின்றோம். பொருள் இல்லாமற் போவதைப் பாராதிருக்கின்றோம். சீற்றம் மட்டும் ஒரு பாடத்தைப் படைத்துவிடாது. எனவே செய்யத்தக்கவை இவை:

1. மேலாண்மை ஆசிரியர் ஒவ்வொருவரும், வகுப்பில் தாம் தமிழில் கூறும் விளக்கத்தை அப்படியே பதிவு செய்து, ஆங்கிலக் குறிப்பு இருக்கும் அதே இடத்தில் ஏற்றுக. பருவத்துக்கு ஒரு பாடமேனும் இவ்வாறு செய்க. இதற்குப் புதிய பணமும் வேண்டா. மேலிடத்து ஆணையும் வேண்டா.

2. கணினித் தேர்வின் ஒவ்வொரு வினாவும் இருமொழியில் தோன்றுக. விடையைத் தமிழில் தட்டவும், தமிழில் பேசவும் வழி செய்க.

3. முதற்பருவத்தின் முதற்கிழமையிலேயே தமிழ்99 விசைப்பலகைப் பயிற்சி தருக. விரிதாளின் தலைப்புகளைப் பள்ளி நூல்களில் உள்ள தமிழ்ச் சொற்களால் அமைக்க.

4. அயல்நாட்டு நிறுவனங்களின் கதையை மட்டும் பாடமாக்காதீர். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. அதன் கால அட்டவணை ஒரு பாடம். 2023 இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டுத் தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டினின்று மாற்றப்பட்டன. அதில் மக்கள் பட்ட இடரும் அதன் தீர்வும் ஒரு பாடம். குரோம்பேட்டைத் தோல் தொழிலின் கழிவுநீர்ச் சிக்கல் ஒரு பாடம். மாணவரே தரவு திரட்டித் தமிழில் எழுதட்டும்.

5. தமிழ் இணையக் கல்விக்கழகம், இவ்வாறு திரளும் பாடங்களை எல்லாக் கல்லூரிகளும் எடுத்தாளுமாறு ஒரு பொதுக் களஞ்சியமாய்த் தொகுத்து வழங்குக.

6. இவ்விதழைப் படிக்கும் தணிக்கையர், வங்கிப் பணியாளர், வணிகர், தொழிலக மேலாளர் ஆகிய அன்பர்கள் தம் பட்டறிவைத் திங்களுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதுக. அருகிலுள்ள கல்லூரி மாணவரிடம் அதனைக் கொண்டுசேர்க்க.

மதிப்பெண் சுழி பெற்ற அம்மளிகைக் கடைக்காரர் மகனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவர் சொன்ன பாடம் சரக்குக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. ஆங்கிலம் இல்லாவிடில் வாழ்வில்லை என்று அஞ்சினோம், பள்ளியில் கேட்டோம், போதாதென்று மழலைப் பள்ளியிலும் கேட்டோம், கல்லூரியில் மீண்டும் கேட்டோம். எல்லாம் சேர்ந்து வந்து நம் கிடங்கில் குவிந்து கிடக்கின்றது; அறிவுக்கு மட்டும் தட்டுப்பாடு. தேவை அவ்வளவு கூடவில்லை, தமிழர்களே! நம் அச்சந்தான் கூடிவிட்டது.

அச்சத்தை விடுவோம். வாயில் ஒலிக்கும் தமிழைத் திரையில் ஏற்றுவோம். அடிகளார் நடந்த மண்ணில் அது முதலில் நடக்கட்டும்!